பிறவிக் குறையைப் படித்த பேராசிரியர்

ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இரண்டு உண்டு. தமிழில் அது கிடையாது. காட் (GATT) எனப்படும் ‘சுங்க வரி, வர்த்தகம் பற்றிய பொது ஒப்பந்தத்தை’த் தமிழில் விளக்க உட்காரும்போது இது உண்மையிலேயே இடைஞ்சலாக வந்து நிற்கும். 1947 அக்டோபரில் ஜெனீவாவில் 23 நாடுகள் கையெழுத்திட்ட அந்த வர்த்தக ஒப்பந்தத்தில் ‘ஒப்பந்தத் தரப்புகள்’ என்ற சொல் இரண்டு விதமாக அச்சாகியிருக்கிறது. சின்ன எழுத்தில் இருந்தால் தனித்தனி நாடுகள் என்று பொருள். முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தால் எல்லா நாடுகளும் கூடி ஒன்றாகச் செயல்படுவது என்று பொருள். 25-ஆம் பிரிவே அப்படிச் சொல்லிவைத்திருக்கிறது. இந்த ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது? கூடிச் செயல்பட ஓர் அமைப்பு இருந்திருந்தால் அதன் பெயரைப் போட்டிருப்பார்கள். அமைப்பு இல்லை. அது செய்ய வேண்டிய வேலையை எழுத்தின் அளவு செய்துகொண்டிருந்தது.

ஜான் எச். ஜாக்சன் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியரின் வாழ்நாள் வேலை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. சர்வதேச வர்த்தகச் சட்டம் என்று இன்று தனிப் பாடமாக நடத்தப்படும் துறைக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் முதல் வரிசையில் இருப்பவர். 1932-இல் மிசௌரி மாநிலத்தின் கான்சஸ் சிட்டியில் பிறந்தார். 1954-இல் பிரின்ஸ்டனில் பட்டம், 1959-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சட்டம். மில்வாக்கியில் சில காலம் வழக்கறிஞர் தொழில். 1961-இல் பெர்க்லியில் ஆசிரியர் பணிக்கு வந்தார், 1966-இல் மிச்சிகனுக்கே திரும்பினார். அங்கே முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். பிறகு ஜார்ஜ்டவுன். 2015 நவம்பரில், 83 வயதில் இறந்தார். இது வெறும் பணிப் பட்டியல். இதற்கு நடுவில் நடந்ததுதான் விஷயம்.

1960-களின் நடுவில் அவர் ஜெனீவாவுக்குப் போய் காட் செயலகத்தின் ஆவணங்களை வரிசையாகப் படித்தார். அன்றைக்கு இது யாரும் விரும்பிச் செய்கிற வேலை இல்லை. சட்டக் கல்லூரிகள் காட் ஒப்பந்தத்தை ராஜதந்திரிகளின் பேரப் பேச்சு என்று ஒதுக்கியிருந்தன. பொருளாதாரத் துறைக்காரர்கள் வரி விகிதத்தைப் பார்த்தார்கள், வாசகத்தைப் பார்க்கவில்லை. ஜாக்சன் ஒவ்வொரு பிரிவையும் எடுத்துக்கொண்டு, அதை எழுதியபோது நடந்த விவாதம், பிறகு நாடுகள் அதை நடைமுறையில் எப்படிக் கையாண்டன என்ற பதிவு, இரண்டையும் பக்கத்தில் வைத்தார். 1969-இல் வெளிவந்த அவருடைய முதல் பெரிய நூல் தொள்ளாயிரம் பக்கங்களைத் தாண்டியது. காட் சட்டத்துக்கு அப்படி ஒரு முழுமையான விளக்கம் அதற்கு முன் இருந்ததில்லை.

அந்த வாசிப்பில் தெரிந்ததை அவர் ‘பிறவிக் குறைகள்’ என்று அழைத்தார். மூன்றைச் சொன்னால் போதும்.

முதலாவது, ஒப்பந்தமே முறைப்படி நடைமுறைக்கு வரவில்லை. 1948 ஜனவரி 1 முதல் ஒரு தற்காலிக நெறிமுறையின் கீழ்தான் அது ஓடியது. ஹவானா சாசனம் என்ற பெரிய ஏற்பாட்டின் கீழ் சர்வதேச வர்த்தக நிறுவனம் ஒன்று வரும், காட் அதன் மடியில் உட்காரும் என்பது கணக்கு. 106 பிரிவுகள் கொண்ட அந்தச் சாசனத்தை மறுபடி அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்போவதில்லை என்று 1950 டிசம்பரில் ட்ரூமன் அரசு அறிவித்துவிட்டது. மடி போய்விட்டது, குழந்தை மட்டும் 47 ஆண்டு தற்காலிகமாகவே வளர்ந்தது.

இரண்டாவது, அந்தத் தற்காலிக நெறிமுறையில் இருந்த ஒரு வாசகம். ஒப்பந்தத்தின் இரண்டாம் பாகத்தை, ஏற்கனவே இருக்கும் உள்நாட்டுச் சட்டத்தோடு முரண்படாத அளவுக்கு மட்டும் நாடுகள் பின்பற்றினால் போதும். இதன் விளைவு சின்னதில்லை. மானியத்துக்கு எதிராக ஈடுவரி போட வேண்டுமென்றால் உள்நாட்டுத் தொழிலுக்குப் பாதிப்பு உண்டு என்று காட்ட வேண்டும் என்கிறது காட் ஆறாம் பிரிவு. அமெரிக்காவின் ஈடுவரிச் சட்டம் காட் ஒப்பந்தத்துக்கு மூத்தது, அதில் பாதிப்பு நிரூபணம் என்ற பேச்சே இல்லை. ஆகவே 1979 வரைக்கும் அமெரிக்கா அதைக் காட்டாமலே வரி போட முடிந்தது. பழைய சட்டம் என்ற ஒரே தகுதி.

மூன்றாவதுதான் கடைசிவரை தொந்தரவு கொடுத்தது. ஒரு நாடு விதியை மீறியது என்று விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தாலும், எல்லா நாடுகளும் ஒருமித்து ஏற்றால்தான் அது செல்லும். அந்த ‘எல்லா’வில் தோற்ற நாடும் அடக்கம். இதை வைத்துக்கொண்டு காட் அமைப்பு முழுக்கத் தோற்றது என்று சொல்வது தவறு. ஜாக்சனின் சமகாலத்தவரான ராபர்ட் ஹுடெக், மின்னசோட்டாவில் சட்டம் கற்பித்தவர், 1948 முதல் 1989 வரையிலான 207 புகார்களை ஒவ்வொன்றாக எடுத்து முடிவு என்ன ஆனது என்று தேடிப் பார்த்தார். நியாயமான புகார்களில் பெரும்பாலானவற்றில் புகார் கொடுத்த நாட்டுக்கு முழுசாகவோ பாதியாகவோ பலன் கிடைத்திருந்தது. ஆனால் 1980-களில் பெரிய நாடுகள் அறிக்கைகளை முடக்குவது கூடிக்கொண்டே போனது. இந்தத் துறையில் கால் வைக்கிறவர்கள் ஜாக்சனையும் ஹுடெக்கையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒருவர் விதியின் கட்டமைப்பைக் காட்டுவார், மற்றவர் அந்தக் கட்டடத்தில் மனிதர்கள் எப்படிப் புழங்கினார்கள் என்று காட்டுவார்.

ஒரு பேராசிரியர் அரசுப் பதவிக்குப் போய்வருவது அமெரிக்காவில் சகஜம். 1973–74-இல் ஜாக்சன் அதிபரின் வர்த்தகப் பிரதிநிதி அலுவலகத்தில் தலைமைச் சட்ட ஆலோசகராக இருந்தார். அவர் போன நேரம் முக்கியமானது. 1967-இல் கென்னடி சுற்றுப் பேச்சுவார்த்தை முடிந்தபோது, சுங்க வரி அல்லாத விஷயங்களில் அமெரிக்கத் தூதுக் குழு ஒப்புக்கொண்டு வந்ததை நாடாளுமன்றம் ஏற்க மறுத்தது. ஜெனீவாவில் போட்ட கையெழுத்துக்கு வாஷிங்டனில் மதிப்பில்லை என்றால் எந்த நாடு அமெரிக்காவோடு உட்கார்ந்து பேசும்? இதற்கு விடையாக 1974 வர்த்தகச் சட்டத்தில் வந்ததுதான் பின்னாளில் ‘ஃபாஸ்ட் ட்ராக்’ என்று பெயர் பெற்ற நடைமுறை. பேச்சுவார்த்தை நடக்கும்போதே அரசு நாடாளுமன்றத்தைக் கலந்துகொள்ள வேண்டும். பதிலுக்கு, முடிவான ஒப்பந்தத்தைச் செயல்படுத்தும் மசோதாவில் திருத்தம் எதுவும் போடாமல், குறித்த நாட்களுக்குள், உண்டு அல்லது இல்லை என்று நாடாளுமன்றம் வாக்களிக்கும். இந்தச் சட்டம் உருவான மாதங்களில் ஜாக்சன் அந்த அலுவலகத்தில் இருந்தார். உள்நாட்டு அரசியல் சட்டம் தெரியாமல் சர்வதேச ஒப்பந்தத்தைப் படிப்பதில் பிரயோஜனமில்லை என்று அவர் பிறகு எழுதியவை எல்லாவற்றிலும் தெரியும். 1977-இல் அவர் தொகுத்த பாடநூலும் அமெரிக்க அரசியலமைப்பையும் காட் விதிகளையும் ஒரே அட்டைக்குள் வைத்தது.

1990-க்கு வருவோம். காட் நாடுகளின் உருகுவே சுற்றுப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. சேவைத் துறை, அறிவுசார் சொத்துரிமை என்று புதுப்புது ஒப்பந்தங்கள் உருவாகின. ஆனால் இவற்றை எந்தக் கூரைக்குக் கீழே வைப்பது? காட் ஒப்பந்தத்தைத் திருத்தலாம் என்றால் 30-ஆம் பிரிவு குறுக்கே நின்றது: முதல் பாகத்தைத் தொட எல்லா நாடுகளின் சம்மதமும் வேண்டும். மற்றப் பாகங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு போதும், ஆனால் திருத்தம் அதை ஏற்றுக்கொண்ட நாடுகளை மட்டும்தான் கட்டும். நூறு நாடுகள் இருக்கும் இடத்தில் இப்படித் திருத்திக்கொண்டிருந்தால் நாட்டுக்கு ஒரு காட் ஆகிவிடும்.

ஜாக்சன் அந்த ஆண்டு லண்டனின் சாத்தம் ஹவுஸ் என்ற ஆய்வு நிறுவனம் வழியாக வெளியிட்ட சிறு நூலில் ஒரு தீர்வு சொன்னார். பழையதைத் திருத்த வேண்டாம். புதிதாக ஓர் ஒப்பந்தம் எழுதி, அதற்குள் எல்லாவற்றையும் வைத்து, எல்லோரும் பழையதை விட்டுவிட்டுப் புதியதில் சேரட்டும். அந்தச் சாசனம் சின்னதாக இருக்கட்டும். வர்த்தகம் எப்படி நடக்க வேண்டும் என்று அது பேச வேண்டாம். யார் கூடுவது, எப்படி முடிவெடுப்பது, செயலகம் எது, தகராறு எங்கே போகும் என்பதை மட்டும் சொல்லட்டும். அதற்கு அவர் வைத்த பெயர்தான் உலக வர்த்தக அமைப்பு. 1990 ஏப்ரலில் கனடாவின் வர்த்தக அமைச்சர் ஜான் க்ராஸ்பி இதே பெயரில் யோசனையை முன்வைத்தார். சில மாதங்களில் ஐரோப்பிய சமூகம் வேறொரு பெயரில் வைத்தது. காட் தலைமை இயக்குநர் ஆர்தர் டங்கல் 1991 டிசம்பரில் வைத்த வரைவில் ‘பலதரப்பு வர்த்தக அமைப்பு’ என்று இருந்தது, 1993 டிசம்பரில் கடைசி நேரத்தில் பழையபடி உலக வர்த்தக அமைப்பு ஆனது. டங்கல் என்ற பெயர் இந்தியாவில் அந்த நாட்களில் எவ்வளவு கோபத்தைக் கிளப்பியது என்பது தெரிந்ததே. அந்தக் கோபம் பெரும்பாலும் விதை, மருந்து, மானியம் பற்றியது. கூரை பற்றி யாரும் அவ்வளவாகப் பேசவில்லை.

1994-இல் மராகேஷில் கையெழுத்தான சாசனத்துக்கு 16 பிரிவுகள்தான். ஹவானாவின் 106 எங்கே, இந்த 16 எங்கே. நாற்பது ஆண்டு முன்னால் பெரிதாகக் கேட்டதால் ஒன்றும் கிடைக்காமல் போனதை ஆவணம் ஆவணமாகப் படித்த ஒருவரால்தான் இப்படிச் சின்னதாகக் கேட்க முடிந்தது என்பது என் கணிப்பு.

தகராறு தீர்வில் ‘எல்லோரும் ஏற்றால் செல்லும்’ என்பது தலைகீழானது: எல்லோரும் சேர்ந்து நிராகரித்தால் ஒழிய அறிக்கை செல்லும். வென்ற நாடு தன் அறிக்கையைத் தானே நிராகரிக்கப்போவதில்லை. ஆகவே ஏற்பு தானாக நடக்கும். காலக்கெடுவும் வந்தது. பேச்சுவார்த்தைக்கு 60 நாள், குழுவுக்கு 6 முதல் 9 மாதம், மேல்முறையீட்டுக்கு 60 முதல் 90 நாள். நடைமுறையில் இவை நீண்டுவிடும், குறிப்பாக நிபுணர் சாட்சியம் தேவைப்படும் வழக்குகளில்.

இந்தத் துறையில் ஒரு பேராசிரியர் அன்றாடம் என்ன செய்கிறார் என்று பார்க்க, ஜாக்சனின் ஒரு வாதத்தைக் கிட்ட இருந்து பார்க்கலாம். 1996-இல் ஜூடித் பெல்லோ என்ற வழக்கறிஞர், தோற்ற நாடு தீர்ப்புக்குக் கீழ்ப்படியத்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை என்று எழுதினார். கீழ்ப்படியலாம், இழப்பீடு தரலாம், அல்லது எதிராளி விதிக்கும் பதிலடி வரியைத் தாங்கிக்கொள்ளலாம். மூன்றும் சமமான தேர்வுகள். காசு கொடுத்துவிட்டு விதியை மீறிக்கொண்டே இருக்கலாம் என்பது இதன் சாரம்.

அடுத்த ஆண்டு அமெரிக்க சர்வதேசச் சட்ட இதழில் ஜாக்சன் மறுப்பு எழுதினார். நீதி, தர்மம் என்று அவர் தொடங்கவில்லை. தகராறு தீர்வு உடன்பாட்டின் பிரிவுகளை அடுக்கினார். 3.7: முதல் நோக்கம் தவறான நடவடிக்கையை விலக்கிக்கொள்ளச் செய்வது. 22.1: இழப்பீடும் பதிலடியும் தற்காலிக ஏற்பாடுகள், முழுமையாகச் செயல்படுத்துவதைவிட அவை மேல் இல்லை. எல்லாவற்றிலும் கூர்மையானது 26.1-இன் ஆ உட்பிரிவு. விதி எதையும் மீறாமலே இன்னொரு நாட்டுக்குக் கிடைக்க வேண்டிய பலன் கெட்டுப்போகும் வழக்குகளைப் பற்றியது அது. அத்தகைய வழக்கில் ‘நடவடிக்கையை விலக்கிக்கொள்ளும் கடமை இல்லை’ என்று எழுதியிருக்கிறது. விதியை மீறாத வழக்கில் கடமை இல்லை என்று தனியே எடுத்து எழுத வேண்டி வந்ததென்றால், மீறிய வழக்கில் கடமை உண்டு என்றுதானே எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள்? 2004-இல் அதே இதழில் இந்தக் கேள்விக்கு அவர் மறுபடி வந்தார். ஒரு விதிவிலக்கிலிருந்து விதியைப் படித்தெடுக்கும் இந்த முறையைக் கற்றுக்கொண்டாலே முதுநிலைப் படிப்பில் பாதி கடந்த மாதிரி.

இதே போல ஒரு சொல்லில் விதி மாறிய வழக்கு நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. 1997-இல் ஐரோப்பிய சமூகம் இந்தியா, பாகிஸ்தான், எகிப்து நாடுகளின் பருத்திப் படுக்கை விரிப்புகள் மீது பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டது. உள்நாட்டு விலையைவிடக் குறைத்து ஏற்றுமதி செய்வதுதான் பொருள்குவிப்பு. கரூர் போன்ற ஊர்கள் தைத்து அனுப்பும் அதே சரக்கு. இந்தியா வழக்குப் போட்டது, வழக்கு எண் 141. பிரச்சினை கணக்கு முறையில் இருந்தது. எண்கள் உதாரணத்துக்கு மட்டும்:

மூன்று வகை விரிப்பு, வகைக்கு 100 என்று வைத்துக்கொள்வோம். முதல் வகை உள்நாட்டில் 100 ரூபாய், ஏற்றுமதி விலை 90. இரண்டாவது உள்நாட்டில் 120, ஏற்றுமதி 110. மூன்றாவது உள்நாட்டில் 140, ஏற்றுமதி 160. முதல் இரண்டிலும் விரிப்புக்குப் பத்துப் பத்து ரூபாய் குறைத்து விற்றதால் 2,000 ரூபாய் பொருள்குவிப்பு. மூன்றாவதில் இருபது ரூபாய் கூட்டி விற்றதால் 2,000 ரூபாய் எதிர்த்திசையில். கூட்டினால் பூஜ்யம். வரி போட இடமில்லை. ஆனால் ஐரோப்பிய அதிகாரிகள் மூன்றாவது வகையின் எதிர்க்கணக்கை அப்படியே எடுக்காமல் பூஜ்யமாக ஆக்கினார்கள். ஜீரோயிங் என்று இதற்குப் பெயர். இப்போது 2,000 ரூபாய் நிற்கிறது. மொத்த ஏற்றுமதி மதிப்பு 36,000. வகுத்தால் 5.5 சதவீதத்துக்கு மேல். 2 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் விசாரணையைக் கைவிட வேண்டும் என்பது விதி. பூஜ்யமாக இருக்க வேண்டியது வரி விதிக்கத் தக்கதாகிவிட்டது.

பொருள்குவிப்புத் தடுப்பு ஒப்பந்தத்தின் 2.4.2 பிரிவு, ஒப்பிடத்தக்க ‘எல்லா’ ஏற்றுமதி விற்பனைகளின் சராசரி விலையோடு ஒப்பிட வேண்டும் என்கிறது. மூன்றாவது வகையின் விலையை முழுதாக எடுக்காவிட்டால் ‘எல்லா’ என்பது எங்கே போயிற்று? 2001 மார்ச் 1 அன்று மேல்முறையீட்டு அமைப்பு இந்த ஒரு சொல்லின் மேல் நின்று ஜீரோயிங் செல்லாது என்றது. அன்றைய மேல்முறையீட்டு அமைப்பின் ஏழு உறுப்பினர்களில் திருநெல்வேலியில் பிறந்த ஏ.வி.கணேசனும் ஒருவர்.

இப்படிப்பட்ட அறிக்கைகளைப் படிக்கத் தொடங்குகிற மாணவர்கள் பொதுவாக ஒரே தவறைச் செய்கிறார்கள்: முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் போகிறார்கள். நூறு பக்கத்துக்கு இரு தரப்பு வாதம் ஓடும், அதற்குள் அலுத்துவிடும். முதலில், விசாரணைக் குழு அமைக்கச் சொல்லி புகார் கொடுத்த நாடு போட்ட விண்ணப்பத்தை எடுங்கள். இரண்டு மூன்று பக்கம்தான். எந்த நடவடிக்கை, எந்தப் பிரிவு என்று அதில் இருக்கும். அதில் இல்லாததைப் பிறகு வாதாட முடியாது, தகராறு தீர்வு உடன்பாட்டின் 6.2 பிரிவு அப்படி. அடுத்து குழுவின் தீர்வுப் பகுதி. அதன் பிறகு உடனே மேல்முறையீட்டு அறிக்கையின் கடைசிப் பகுதிக்குப் போய், குழுவின் எந்தத் தீர்வு நின்றது, எது மாற்றப்பட்டது, எது ரத்தானது என்று பத்தி எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். ரத்தான பத்தியை ஆதாரமாகக் காட்டுவதுதான் ஜாக்சன் பெயரில் நடக்கும் மாணவர் வாதப் போட்டியிலும் ஆய்வேட்டிலும் ஆளைக் கவிழ்ப்பது. இன்னொன்று: ஒரு நாட்டின் வரியைப் பற்றி எழுதும்போது, அது உண்மையில் வசூலிக்கும் விகிதத்தையும் ஒப்பந்தத்தில் உறுதியளித்த உச்ச விகிதத்தையும் குழப்பக் கூடாது. இரண்டாவதைத் தாண்டினால்தான் மீறல்.

ஜீரோயிங் தீர்ப்பு படுக்கை விரிப்போடு நிற்கவில்லை. அதே தர்க்கம் அமெரிக்காவின் கணக்கு முறைக்கு எதிராக வழக்குமேல் வழக்காகத் திரும்பியது, அமெரிக்கா தோற்றுக்கொண்டே போனது. ஒப்பந்தத்தில் இல்லாத கடமையை மேல்முறையீட்டு அமைப்பு எழுதிச் சேர்க்கிறது என்பது அமெரிக்காவின் பெரிய குறைகளில் ஒன்றானது. 2016-இல் கொரியாவைச் சேர்ந்த ஓர் உறுப்பினரின் மறுநியமனத்தை அது தடுத்தது. அடுத்த ஆண்டிலிருந்து எந்த நியமனத்துக்கும் சம்மதிக்கவில்லை. ஒரு மேல்முறையீட்டை விசாரிக்க மூன்று பேர் வேண்டும். 2019 டிசம்பர் 10-இல் இருவரின் பதவிக்காலம் முடிந்து ஒருவர்தான் மிஞ்சினார். அடுத்த ஆண்டு நவம்பரில் அவரும் இல்லை.

அதன் பிறகு தோற்ற நாடு மேல்முறையீடு செய்தால் போதும். விசாரிக்க ஆளில்லை, அறிக்கை அந்தரத்தில் நிற்கும். இந்தியாவும் இதைச் செய்திருக்கிறது: பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலா தொடுத்த சர்க்கரை வழக்கில் 2021 டிசம்பரில் எதிராக வந்த குழு அறிக்கையை அப்படித்தான் நிறுத்தியது. கரும்பு விவசாயிக்குக் கிடைக்கும் விலையைக் காப்பது அரசின் கடமை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் படுக்கை விரிப்பு வழக்கில் நம்மைக் காத்தது இதே மேல்முறையீட்டு அமைப்புதான் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்கா நியமனத்தை எப்படித் தடுக்க முடிந்தது? தகராறு தீர்வு உடன்பாட்டின் 2.4 பிரிவைப் பாருங்கள். வேறுவிதமாகச் சொல்லாத இடங்களில் முடிவு ஒருமித்த கருத்தால்தான். கூட்டத்தில் இருக்கும் ஒரு நாடு எதிர்ப்புச் சொன்னால் ஒருமித்த கருத்து இல்லை. அறிக்கையை ஏற்கும் இடத்தில் 1994-இல் தலைகீழாக மாற்றினார்கள், உறுப்பினரை நியமிக்கும் இடத்தில் மாற்றவில்லை. ஜாக்சன் காட்டிய மூன்றாவது பிறவிக் குறை, ஒரு வாசலை அடைத்தபோது இன்னொரு வாசலில் அப்படியே இருந்திருக்கிறது. ஆனால் 17.2 பிரிவில் ஒரு வரி உண்டு: காலியிடங்கள் ஏற்படும்போதே நிரப்பப்படும். ‘நிரப்பலாம்’ என்று இல்லை, கட்டாயமாக நிரப்பப்பட வேண்டும் என்ற சொல்லாட்சி. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து இதை வைத்துத் தேர்வைத் தொடங்கச் சொல்லி ஜெனீவாவில் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டுக்கொண்டிருக்கின்றன, அமெரிக்கா 2.4-ஐ வைத்து மறுத்துக்கொண்டிருக்கிறது. கட்டாயம் என்று சொல்லும் பிரிவு பெரிதா, ஒருமித்த கருத்து என்று சொல்லும் பிரிவு பெரிதா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய அமைப்பில் இப்போது ஒருவரும் இல்லை.